மேசை இல்லாத ஊழியருக்கும் ஓர் அலுவலக எண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் மருத்துவமனைகளிலும் கல்லூரி அலுவலகங்களிலும் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் யாரும் எடுப்பதில்லை என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் மனம் நொந்து எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊழியர்களின் அலட்சியமே இதற்குக் காரணம் என்று அவர் கூறியிருந்ததை, தொலைபேசிக் கம்பிகளோடு வாழ்நாளைக் கழித்த என்னால் ஏற்க இயலவில்லை. மணி அடிக்கும் மேசையில் ஆள் இருப்பதில்லை. ஆள் இருக்கும் இடத்திலோ மேசையே கிடையாது.

நான் 1987-இல் தொலைபேசித் துறையில் தொழில்நுட்ப ஊழியராகச் சேர்ந்தவன். 2000 அக்டோபர் 1 அன்று அந்தத் துறைப் பணிகள் பிஎஸ்என்எல் என்னும் நிறுவனத்திடம் போனபோது நாங்களும் அதனுடன் போனோம். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியேறிய 78,000-க்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இபிஏபிஎக்ஸ், அதாவது உள் தொலைபேசி இணைப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஏற்றுக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதுவது பெரும்பாலும் அங்கே கண்டதும் அங்கே பட்டதும்தான்.

அந்த மருத்துவமனையில் மேசைத் தொலைபேசி யார் யாருக்கு இருக்கிறது என்று ஒருநாள் கணக்கெடுத்தேன். வரவேற்பு, பில்லிங், மருந்தகம், ஆய்வகத்தின் முன்மேசை, நிர்வாக அறைகள், தளத்துக்கு ஒன்றாகச் செவிலியர் மேசை என்று எல்லாம் சேர்த்து 46 கருவிகள். வேலை செய்பவர்களோ ஏறத்தாழ 300 பேர். வார்டுக்குள் நடந்துகொண்டே இருக்கும் செவிலியர், ஸ்கேன் அறைக்கு நோயாளியைத் தள்ளிச் செல்லும் உதவியாளர், ஜெனரேட்டர் அறைக்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே ஓடும் எலக்ட்ரீஷியன், வீடு வீடாகச் சென்று ரத்த மாதிரி எடுத்துவரும் இளைஞர், காப்பீட்டுக் கோப்புகளோடு படியேறி இறங்கும் பெண் ஊழியர் ஆகிய இவர்கள் எவருக்கும் அலுவலக எண் என்று ஒன்று இல்லை. ஆனாலும் இவர்களைத்தான் எல்லோரும் எந்நேரமும் தேடுகிறார்கள். ஆகவே, யாரும் திட்டமிடாமலேயே, இவர்களுடைய சொந்தக் கைபேசி எண்கள் மருத்துவமனையின் தொலைபேசி எண்களாகிவிட்டன. ஒவ்வொரு வார்டு வாசலிலும் செவிலியர்களின் பெயரும் கைபேசி எண்ணும் தட்டச்சு செய்த தாள் ஒன்று பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. நோயாளிகளின் வசதிக்காக என்று அதன் மேலே எழுதியும் இருந்தது.

அந்தத் தாளின் விலை என்ன என்பது பிரசவ வார்டில் பணிபுரியும் ஒரு செவிலியர் என்னிடம் வந்து, “சார், என் நம்பரை மட்டும் அதிலிருந்து எடுக்கச் சொல்ல முடியுமா?” என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. குழந்தை பிறந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணின் உறவினர், மூன்று மாதங்களாக இரவு பதினொரு மணிக்குமேல் அவரை அழைத்துக்கொண்டிருந்தார். தடை செய்தால் வேறு எண்ணிலிருந்து அழைப்பு வரும். எண்ணை மாற்றிவிடலாமே என்று நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஆதார், வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு, மகனின் பள்ளி, ஊரில் தனியாக இருக்கும் தாயார் என்று எல்லாமே அந்த ஓர் எண்ணோடு பிணைந்திருப்பதை அவர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொலைபேசி எண் வீட்டுக்கு உரியது, அல்லது அலுவலகத்துக்கு உரியது. இன்று அது ஓர் ஆளின் கைரேகைபோல் ஆகிவிட்டது. அதை வாங்கி வாசலில் ஒட்ட ஒரு நிர்வாகத்துக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதற்கு வழி இருக்கிறது; அது புதியதும் அல்ல. மேசையில் வைக்கும் கருவிக்குப் பதிலாக, கைபேசியிலோ கணினியிலோ ஒரு செயலியை நிறுவி, அதற்கு மருத்துவமனையின் உள் எண் ஒன்றைக் கொடுத்துவிடுவதையே சாஃப்ட்போன் கணக்கு என்கிறோம். இணைப்பகத்தின் கண்ணுக்கு அதுவும் மேசைத் தொலைபேசியைப்போல் ஓர் எக்ஸ்டென்ஷன்தான். வெளியிலிருந்து அழைப்பவர் பொது எண்ணை அழைத்து, குரல் கேட்டதும் 214 என்று அழுத்தினால் செவிலியரின் கையில் இருக்கும் செயலி ஒலிக்கும். செவிலியர் அதிலிருந்து வெளியே அழைத்தால் மறுமுனையில் தெரிவது மருத்துவமனையின் எண்; அவருடைய சொந்த எண் எங்கும் தெரியாது. வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்றையே பதிலாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் நீங்கள் அழைப்பது ஓர் ஆளை; சாஃப்ட்போனில் அழைப்பது அவர் பார்க்கும் வேலையை.

இதன் அடியில் ஓடும் நெறிமுறைக்கு எஸ்ஐபி என்று பெயர். எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இந்தச் சொல்லை நான் முதன்முதலில் உச்சரித்தபோது, கணக்குப் பிரிவு மேலாளர் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார். அவருக்கு எஸ்ஐபி என்றால் மியூச்சுவல் ஃபண்டு முதலீடுதான். நான் சொல்லும் எஸ்ஐபியோ யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாகிவிட்டதா, வைத்தாகிவிட்டதா என்ற செய்திகளை இணையத்தின் வழியே பரிமாறிக்கொள்ளும் முறை. இன்று புழக்கத்தில் உள்ள அதன் வடிவம் 2002-இல் வகுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1999-இல், மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு சாதாரணக் கணினியையே தொலைபேசி இணைப்பகமாக்கும் ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளை எழுதி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். லின்ஃபோன், சோய்ப்பர் போன்ற செயலிகளும் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. அதாவது, கருவிக்கான செலவு என்ற காரணத்தை இந்த விஷயத்தில் பெரிதாகச் சொல்ல முடியாது. இணைய முறையில் இயங்கும் ஒரு நல்ல ஐபி மேசைத் தொலைபேசி சில ஆயிரம் ரூபாய்; சாஃப்ட்போன் கணக்குக்குப் பெரும்பாலும் ஒரு ஹெட்செட்டின் விலை போதும்.

ஆனால் செலவு குறைவு என்பதாலேயே இதை அலட்சியமாகச் செய்கிறார்கள் என்பது என் குறை. “எல்லோரும் இந்தச் செயலியைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள், எக்ஸ்டென்ஷன் நம்பர்தான் பாஸ்வேர்டு” என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்த ஒரு வணிக நிறுவனத்தில் சனிக்கிழமை இரவுக்கும் திங்கட்கிழமை காலைக்கும் இடையே, கேள்விப்பட்டிராத தீவு நாடுகளுக்கெல்லாம் நூற்றுக்கணக்கான அழைப்புகள் போயிருந்தன. எஸ்ஐபி செய்திகள் வந்துபோகும் 5060 என்ற வாயில் இணையத்தில் எங்கே திறந்து கிடக்கிறது என்று தேடித் தட்டிப் பார்ப்பதற்கென்றே உலகெங்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை 201-க்கு 201, 202-க்கு 202 என்று கடவுச்சொல்லை முயன்று பார்க்கும். திறந்துகொண்டால், அழைத்தால் அழைப்பவருக்குக் கட்டணம் ஏறி அதில் ஒரு பங்கு மோசடிக்காரருக்குப் போய்ச் சேரும் வகையிலான வெளிநாட்டு எண்களை விடாமல் அழைக்கும். பில் வந்த பிறகுதான் நிறுவனத்துக்கு விஷயம் தெரியும். டயல் தொலைபேசிக் காலத்தில் எண்வட்டுக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டு, சாவியைக் குடும்பத் தலைவர் இடுப்பில் வைத்திருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பூட்டை இன்று சர்வரில், அதாவது இணைப்பகமாக வேலை செய்யும் கணினியில், போட வேண்டியிருக்கிறது. வார்டுச் செவிலியரின் கணக்கிலிருந்து ஐஎஸ்டி என்னும் வெளிநாட்டு அழைப்பு போகவே கூடாது. எஸ்டிடி என்னும் வெளியூர் அழைப்பு கூடத் தேவையைப் பார்த்துத்தான் திறக்கப்பட வேண்டும். கடவுச்சொல் நீளமாகவும் ஆளுக்கு ஆள் வேறாகவும் இருக்க வேண்டும். அதை ஊழியர் அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒருமுறை மட்டும் செல்லும் க்யூஆர் கோடு ஒன்றை அவருடைய செயலியில் காட்டினால், கணக்கு தானாகவே அமைந்துவிடும். தெரியாத கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டிவைக்க யாராலும் முடியாதல்லவா?

அடுத்ததாக, எண்ணை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. நான் அதிகம் தடுமாறியது இதில்தான். தொடக்கத்தில் ஆளுக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனேன். இரண்டே வாரங்களில் குளறுபடி தொடங்கிவிட்டது. பகல் நேரப் பணி முடிந்து வீட்டுக்குப் போய்விட்ட செவிலியருக்கு, இரவு ஒன்பது மணிக்கு ஆய்வகத்திலிருந்து அழைப்பு போகிறது. அவர் பேருந்தில் இருக்கிறார். அடுத்த பணியில் இருப்பவர் யார் என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. பழைய தாள் செய்த தவற்றையே புதிய தொழில்நுட்பத்தில் நான் திரும்பவும் செய்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. பிறகு வார்டுக்கு ஒரு குழு எண் வைத்து, பணியில் இருப்பவர்கள் பணி தொடங்கும்போது ஒரு குறியீட்டை அழுத்திக் குழுவில் சேரவும், முடியும்போது இன்னொரு குறியீட்டை அழுத்தி விலகவும் ஏற்பாடு செய்தோம். அழைப்பு குழுவில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். யார் முதலில் எடுத்தாலும் மற்றவர்களுக்கு நின்றுவிடும். யாருமே இருபது விநாடிகளில் எடுக்காவிட்டால் செவிலியர் மேசையில் உள்ள பழைய தொலைபேசிக்குத் தாவும். அங்கும் எடுக்காவிட்டால் பணிக் கண்காணிப்பாளருக்குப் போகும். மாறாக, ரத்த மாதிரி எடுக்கச் செல்பவர், காப்பீட்டுப் பணியாளர் ஆகியோருக்குத் தனி எண்தான் பொருந்தும்; அவர்களை அழைப்பவருக்கு அந்த ஆளேதான் வேண்டும். எந்தெந்த வேலைக்கு ஆள் முக்கியம், எந்தெந்த வேலைக்கு இடம் முக்கியம் என்பது தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரியாது. அதைச் செவிலியர் கண்காணிப்பாளரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல இடங்களில் நடக்காமல் போவது இந்த அரைமணி நேரப் பேச்சுதான்.

இனி, ‘செயலி இருந்தும் மணியே அடிக்கவில்லை’ என்ற புகாருக்கு வருகிறேன். சாஃப்ட்போன் வைத்த எல்லா அலுவலகங்களிலும் எழும் முதல் புகார் இதுவாகத்தான் இருக்கும். மேசைத் தொலைபேசி எப்போதும் விழித்திருக்கும், கைபேசி அப்படியல்ல. 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து சற்று நேரம் அசையாமல் கிடந்தால், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைக் கைபேசி உறங்க வைத்துவிடுகிறது. சில நிறுவனங்களின் கைபேசிகள் இதில் இன்னும் கண்டிப்பானவை. செயலியை முழுவதுமாகவே நிறுத்திவிடும். செயலி உறங்கினால் இணைப்பகத்தோடு அது வைத்திருந்த பதிவு காலாவதியாகும். அதன்பின் அந்த எக்ஸ்டென்ஷனை அழைத்தால் தொடர்பில் இல்லை என்றே வரும். ஊழியரோ கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரும் அழைக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். மேலதிகாரி அவரை அலட்சியக்காரர் என்று எண்ணிக்கொண்டிருப்பார். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, கைபேசியின் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குவது. மற்றொன்று, இதைவிடச் சிறந்தது: அழைப்பு வரும்போது கூகுள் அல்லது ஆப்பிளின் அறிவிப்பு வழியே ஒரு தட்டுத் தட்டி, செயலியை எழுப்பிவிட்டு அழைப்பை ஒப்படைக்கும் வசதி உள்ள சர்வரையும் செயலியையும் தேர்ந்தெடுப்பது. இலவசச் செயலிகளில் இந்த இரண்டாவது வசதி எல்லாவற்றிலும் இருப்பதில்லை. ஆகவே விலையைப் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன், பத்து வெவ்வேறு கைபேசிகளில் நிறுவி, அவற்றை ஒரு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு அழைத்துப் பாருங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. எங்கள் சோதனையில் முதல் நாள் பத்தில் நான்குதான் ஒலித்தன.

குரல் கேட்பதிலும் சிக்கல்கள் உண்டு. பழைய தொலைபேசியின் தரத்திலேயே குரலை அனுப்பினால், ஒவ்வொரு 20 மில்லி விநாடிக் குரலும் ஒரு தரவுப் பொட்டலமாக விநாடிக்கு 50 பொட்டலங்கள் ஒவ்வொரு திசையிலும் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் செல்லும் முகவரி போன்ற தகவல்களையும் சேர்த்தால் அது விநாடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் ஆகும். இன்றைய இணைய வேகத்துக்கு இது தூசு. ஆயினும் குரலுக்கு வேகத்தைவிட ஒழுங்கே முக்கியம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லி விநாடிக்குமேல் ஆகக்கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. காத்திருப்பு அறையில் நாற்பது பேர் காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் அதே வைஃபையில் செவிலியரின் குரலையும் ஏற்றினால், அது விட்டுவிட்டுத்தான் கேட்கும். எங்கள் மருத்துவமனையில் பார்வையாளர்களுக்கான வைஃபையைத் தனியே பிரித்து, குரலுக்கு முன்னுரிமை தரும்படி அமைத்த பிறகே புகார்கள் அடங்கின. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்ற விசித்திரத்துக்குப் பெரும்பாலும் ரவுட்டர்தான் காரணம். எஸ்ஐபிக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு பல ரவுட்டர்களில் ஒரு வசதி திறந்தே வருகிறது. அதை அணைத்துவிடுவதே பெரும்பாலும் உண்மையான உதவி.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், தொலைபேசித் துறைக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. பழைய தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்சாரம் இணைப்பகத்தின் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வரும். ஊரே இருண்டாலும் தொலைபேசி பேசும். சாஃப்ட்போனுக்கோ சர்வர், கணினிக் கம்பிகளை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி, கூரையில் உள்ள வைஃபை பெட்டி, இணைய இணைப்பு என்று நான்கு இடங்களிலும் மின்சாரம் வேண்டும். சர்வர் அறைக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு, தளங்களில் உள்ள சுவிட்சுகளை மறந்துவிடும் நிறுவனங்கள் பல. ஜெனரேட்டர் எடுக்க ஆகும் அரை நிமிட இடைவெளியில் மொத்த வைஃபையும் விழுந்து எழ மூன்று நான்கு நிமிடங்கள் ஆகிவிடும். ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, லிஃப்ட், வாயிற்காவலர் அறை ஆகிய இடங்களில் கம்பியில் இணைந்த தொலைபேசிகள் இருந்தே தீர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எல்லாவற்றையும் செயலிக்கு மாற்றி 46 கருவிகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்த நிர்வாகிக்கு அது பிடிக்கவில்லை.

அவசர எண்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊரின் விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய 9 வயது மகள் 911-ஐ நான்கு முறை அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அவர் பெயரால் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2020 பிப்ரவரி முதல் அங்கே புதிதாக அமைக்கப்படும் அலுவலக இணைப்பகங்களில் முன்னெண் எதுவும் இல்லாமல் 911 நேரடியாகப் போயாக வேண்டும். நம் ஊரிலும் வெளி லைனுக்கு 0 அழுத்தும் வழக்கம் உண்டு. சாஃப்ட்போனில் 108 என்றோ 112 என்றோ அழுத்தினால் அது எங்கே போகிறது என்று எத்தனை நிறுவனங்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றன? இணைப்பு கிடைத்தாலும், அழைப்பவர் இருக்கும் இடமாக மறுமுனைக்குத் தெரியவருவது நிறுவனத்தின் முகவரியாக இருக்கலாம். ரத்த மாதிரி எடுக்கப் போன இளைஞர் அப்போது திருமங்கலத்துச் சாலையோரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அவசரத்துக்குச் செயலியைத் திறக்காதீர்கள், சொந்த சிம்மிலிருந்து அழையுங்கள் என்று நாங்கள் ஒவ்வொரு ஊழியருக்கும் நேரில் சொல்கிறோம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, நிறுவனமே ஆளுக்கு ஒரு சியூஜி (நிறுவனக் குழு இணைப்பு) சிம் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. வெளியிலேயே திரியும் வேலைகளுக்கு அதுதான் சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். மின்வாரியப் பிரிவுப் பொறியாளரின் அலுவலகக் கைபேசி எண் பதவிக்கு உரியது. அவர் மாற்றலாகிப் போனாலும் எண் அங்கேயே இருக்கும். நுகர்வோர் புதிதாக எதையும் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களுக்கு அது முழுத் தீர்வாகாது. அடித்தளத்தில் உள்ள ஸ்கேன் பிரிவிலும் மருந்துக் கிடங்கிலும் கைபேசி சிக்னல் எட்டிப் பார்ப்பதே இல்லை, வைஃபை மட்டுமே உண்டு. குழுவாக ஒலிப்பது, எடுக்காவிட்டால் அடுத்தவருக்குத் தாவுவது, உள்ளே மூன்று இலக்கத்தில் அழைப்பது ஆகியவையும் இணைப்பகத்தின் வேலைகள். அதனால் ரத்த மாதிரிப் பிரிவினர் ஏழு பேருக்கு சிம்மும், மற்றவர்களுக்கு சாஃப்ட்போன் கணக்கும் என்று பிரித்துக்கொண்டோம்.

இது சட்டப்படி சரிதானா என்று சிலர் தயங்குவதையும் கண்டேன். வெளிநாட்டு அழைப்புகளை உள்நாட்டு அழைப்புபோல் மாற்றும் சிம்பாக்ஸ் கும்பல்கள் பிடிபடும் செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே படித்திருப்பதால் வரும் தயக்கம் அது. இரண்டும் வேறு. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் முறையாக வாங்கிய இணைப்பின் வழியே அழைப்புகள் போகும்வரை, எக்ஸ்டென்ஷன் மேசையில் இருந்தாலும் கைபேசியில் இருந்தாலும் அந்த அழைப்புகளுக்குக் கணக்கும் பொறுப்பும் உண்டு. சிம்பாக்ஸ்காரர் ஒளிப்பது அந்தக் கணக்கைத்தான். நம் நாட்டில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் பல கட்டுப்பாடுகளோடு கதவு திறந்தது. கால்சென்டர்கள், பிபிஓ நிறுவனங்களுக்கான விதிகளை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தொலைத்தொடர்புத் துறை வெகுவாகத் தளர்த்தியது; வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர் அகன்ற அலைவரிசை இணைப்பு வழியே நிறுவனத்தின் இணைப்பகத்தோடு நேரடியாகச் சேரலாம் என்பதும் அதில் அடக்கம். இருந்தாலும், வெளிநாட்டுச் செயலி ஒன்றில் கணக்குத் தொடங்கி, இந்திய எண் என்று எவரோ விற்கும் எண்ணை வாங்கி ஒட்டிக்கொள்ளும் குறுக்குவழியில் யாரும் இறங்க வேண்டாம். இணைப்புத் தரும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே முறை.

கடைசியாக, ஊழியரின் பக்கம். நிறுவனம் கொடுப்பது ஒரு கணக்கு மட்டுமே; கைபேசி ஊழியருடையது, அவர் மாதம் கட்டும் டேட்டாவும் அவருடையது. அந்தச் செயலி அவருடைய தொடர்பு எண்களையும் படங்களையும் இருப்பிடத்தையும் கேட்டால், மறுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்; பேசுவதற்கு மைக் அனுமதியும் அறிவிப்பு அனுமதியும் போதும். பணி முடிந்ததும் செயலி அமைதியாகிவிட வேண்டும். அழைப்புகள் பதிவு செய்யப்படுமானால் அதை இருமுனையில் இருப்பவர்களுக்கும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொந்தக் கைபேசி இல்லாதவருக்கும், தன் கைபேசியில் அலுவலகச் செயலி வேண்டாம் என்பவருக்கும் நிறுவனமே ஒரு கருவி தர வேண்டும். எங்கள் மருத்துவமனையில் வார்டுக்கு இரண்டு கைபேசிகள் பொதுவாக வாங்கி, சார்ஜரோடு செவிலியர் மேசையில் வைத்திருக்கிறோம். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே நீக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக இருந்தும், எட்டு மாதங்களுக்கு முன் விலகிய ஒருவரின் எக்ஸ்டென்ஷன் இன்னும் உயிரோடு இருந்ததை நானே கண்டுபிடித்தேன். அது என் தவறு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. சுவரில் ஒட்டிய தாள் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். அதே தாள் படமெடுக்கப்பட்டு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது என்பதை யார் கணக்கெடுப்பது?

பிரசவ வார்டு வாசலில் இப்போது புதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் எந்தப் பெயரும் இல்லை. மருத்துவமனையின் பொது எண்ணும், அதன்கீழ் 214 என்ற உள் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. என்னிடம் முதலில் வந்து முறையிட்ட அந்தச் செவிலியர் இந்த எண்ணில் வரும் அழைப்புகளைத் தயக்கமின்றி எடுக்கிறார். ஆனால் பழைய தாளைப் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் அவருடைய சொந்த எண்ணுக்கு அழைக்கிறார்கள். அதை நிறுத்த என் சர்வரில் எந்த வசதியும் இல்லை. ஊழியர்களின் கைபேசி எண்களைத் தொகுத்து அச்சிடும் எண்ணத்தில் உள்ள மருத்துவமனைகளும் பள்ளி, கல்லூரி நிர்வாகங்களும் அச்சகத்துக்குப் போகும் முன் தங்கள் இபிஏபிஎக்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரை ஒருமுறை அழைத்துப் பேச வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்ப ஊழியர்,
மதுரை.